கீழவாசனூர் ரயில்: கேட்காமல் கொடுத்தது

பொழுது விடியும்போதே குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது.

"மெத்தையை முதல்ல விரி தங்கையா. அதுக்கு மேல போர்வை. பாலம் இருக்கிற பலகை நடுவுல வரணும். ஸ்பீடு பிரேக்கர்ல தூக்கிப் போட்டே, உன்னை இறக்கி விட்டுட்டு நானே ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன்" என்றார் பஞ்சநதம், கைத்தடியை ஊன்றியபடி.

"இந்த இடுப்ப வச்சுக்கிட்டு நீங்க ஓட்டினா இன்னும் மேலதான்ணே தூக்கிப் போடும்" என்றான் டிரைவர் தங்கையன்.

பஞ்சநதம் வாய்விட்டுச் சிரித்தார். அடுப்படியிலிருந்த ஆனந்தவல்லியின் கை ஒரு கணம் நின்றது. இந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

பவர் டில்லர் வரப்பிலிருந்து சரிந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவர் வயலில் இறங்கவில்லை. மகள் பூர்ணிமாவும் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். கட்டிலில் கிடக்கும் அண்ணனுக்குப் பொழுது போகட்டும் என்று சிங்கப்பூரிலிருந்து தம்பி சதீஷ் ஒரு பெட்டி அனுப்பினான். அதில் கையகல ரயில் இன்ஜின் ஒன்றும், கொஞ்சம் தண்டவாளமும் இருந்தன. மாடி அறையில் ஒரு மேசை மேல் வட்டமாக ஓடத் தொடங்கியது அந்த ரயில். பிறகு மேசை போதவில்லை. நான்கு பிளைவுட் பலகைகள் வந்தன. ஒரு ஊரே வந்தது.

கீழவாசனூருக்கு ரயில் கிடையாது. ஏற வேண்டுமானால் திருவிடைமருதூருக்குத்தான் போக வேண்டும். அந்த ஊருக்கு ஒரு ஸ்டேஷன் கட்டி, ஆற்றின் மேல் பாலம் போட்டு, நஞ்சை நடுவே பாதையை வளைத்து ரயில் விட்டிருந்தார் பஞ்சநதம். ஆற்று மணலை மாவு சல்லடையில் சலித்துத் தண்டவாளத்துக்கு ஜல்லி போட்டிருந்தார். தேங்காய் நாரைப் பொடிப்பொடியாக நறுக்கி, சாயம் ஏற்றி, ஒவ்வொரு பாத்தியாக நட்டிருந்தார். தாளடி நடவு முடிந்த பச்சையும் அறுவடைக்குச் சாய்ந்த மஞ்சளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மடையில் தண்ணீர் நின்றது. தொட்டுப் பார்த்தால்தான் அது ஊற்றிக் காயவைத்த ரெசின் பிசின் என்று தெரியும்.

அந்த ரயிலுக்குத் தஞ்சாவூரில் இன்று கண்காட்சி. ரயில் ரசிகர்கள் சிலர் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் நடத்தும் ஒருநாள் விழா. அதற்காக சதீஷ் சிங்கப்பூரிலிருந்தே வந்திருந்தான். வந்தவன் வீட்டுக்கு வராமல் தஞ்சாவூர் லாட்ஜிலேயே தங்கிக்கொண்டதுதான் பஞ்சநதத்துக்குச் சின்ன மனத்தாங்கல்.

"ஏற்பாடெல்லாம் பாக்கணும்ல, அதான் அங்கேயே தங்கிட்டிருக்கும்" என்று ஆனந்தவல்லி சமாதானம் சொன்னாள்.

அவருக்குத் தேய்த்த வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டு, கீழ்ப் பொத்தானை அவளே மாட்டினாள். நெற்றியில் திருநீறு பூசினாள். பூசிய கை அங்கேயே கொஞ்சம் தயங்கியது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. தண்ணி பாட்டிலை மறந்துடாதீங்க."

*

குட்டியானை எவ்வளவு மெதுவாகப் போயும், பாபநாசம் தாண்டி ஏதோ ஒரு குழியில் இறங்கி ஏறியிருக்கிறது. மண்டபத்தில் நான்கு பலகைகளையும் பூட்டி, கன்ட்ரோலரைத் திருகியதும் ரயில் கிளம்பியது; ஸ்டேஷனைக் கடந்தது; பாலத்துக்கு முன்னால், இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் இன்ஜின் துள்ளிக் கவிழ்ந்தது.

பஞ்சநதத்துக்கு வியர்த்துவிட்டது.

குனிய முடியாத இடுப்பு. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கவாட்டாக உட்கார்ந்து, கன்னத்தைப் பலகையோடு ஒட்டி, ஒற்றைக் கண்ணால் தண்டவாளத்தைப் பார்த்தார். மயிரிழை மேடு. அரத்தை எடுத்து மெல்ல ராவினார். ஆனந்தவல்லி செல்போன் வெளிச்சம் பிடித்தாள்.

"கொஞ்சம் இந்தப் பக்கம்... ஆங்... அப்படியே."

மறுபடி கன்ட்ரோலரைத் திருகினார். நீல இன்ஜின், பின்னால் பெட்டிகள். ஸ்டேஷன். வளைவு. பலகைகள் சேரும் இடம்... சத்தமே இல்லாமல் கடந்து பாலத்தின் மேல் ஏறியது.

"போயிடுச்சு ஆனந்தி! பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள். அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்ததும் கூட்டம் வந்தது. சென்னைக்காரர் ஒருவர் மலைப்பாதை வைத்திருந்தார். மதுரையிலிருந்து வந்த இரண்டு பேர் பெரிய ஜங்ஷனே வைத்திருந்தார்கள். ஆனால் ஜனங்கள் நின்றது கீழவாசனூரில்தான். "ஏ, மடை பாரு", "களத்துல நெல்லு தூத்துறாங்க பாரு" என்று விரல் நீட்டினார்கள். ரயில் ரசிகர் மன்றத்தின் செயலாளர் கிளாட்சன், பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துபவர், அரை மணிக்கொரு தடவை வந்து தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

"மலையும் குகையும் வச்சு எத்தனையோ பாத்துட்டேன் சார். தட்டையான ஊரை வச்சு இப்படி நிக்க வைக்க முடியும்னு நான் நெனைக்கல."

நாகூருக்குப் போகிற வழியில் பஸ் மாற இறங்கியிருந்த கமருன்னிஸா என்ற அம்மாள், பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இந்த ரயிலு நாகூர் போவுதுங்களா?"

"போவும்மா. நீங்க கேட்டுட்டீங்கள்ல, இன்னையிலேருந்து போவும்."

குழந்தை கையைக் கொட்டியது. பஞ்சநதம் அதற்காக ரயிலை நிறுத்தி, ஏறச் சொல்லி, மறுபடி எடுத்தார்.

பதினோரு மணி வாக்கில் சதீஷ் வந்தான். கூடவே மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர். புதுக்கோட்டை சாலையில் பள்ளிக்கூடம் நடத்துபவர், தாளாளர் என்று அறிமுகப்படுத்தினான்.

"அண்ணே, ஊரே உங்களைத்தான் பேசுது" என்று தோளை அணைத்துக்கொண்டான். "மேடைக்கு வாங்க. சின்னதா ஒரு மரியாதை."

"எனக்கு எதுக்குடா மேடை?"

"வாங்கண்ணே."

கைத்தடியோடு படியேறுவது சிரமமாக இருந்தது. சதீஷ் கைலாகு கொடுத்து ஏற்றினான். பொன்னாடை போர்த்தினார்கள். பஞ்சநதம் கூட்டத்தில் ஆனந்தவல்லியைத் தேடினார். அவள் ஒரு தூணோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சதீஷ் மைக்கை வாங்கினான்.

"எங்க அண்ணன் ராத்திரி பகலா உழைச்ச உழைப்பு இது. நான் வெளிநாட்டுலேருந்து வேண்டியதை அனுப்பினேன், அவ்வளவுதான். இது ஒரு வீட்டு மாடியில பூட்டிக் கிடக்கக்கூடாது. நாலு பிள்ளைங்க பாக்கணும், படிக்கணும். அதனால எங்கப்பா ஞாபகமா இந்த ரயில் லேஅவுட்டை ஐயாவோட பள்ளிக்கூடத்துக்கு எங்க குடும்பத்து அன்பளிப்பா குடுக்கிறோம். இன்னைக்குச் சாயங்காலமே எடுத்துக்கிட்டுப் போறாங்க."

கை தட்டினார்கள். தாளாளர் எழுந்து பஞ்சநதத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். யாரோ ஒரு துணியை விலக்கினார்கள். பித்தளைப் பலகை. அதில் அப்பாவின் பெயர். கீழே, 'அன்பளிப்பு: சிங்கப்பூர் சதீஷ் குடும்பத்தார்.'

பஞ்சநதம் அதைப் படித்தார். எழுத்துகளை ஆழமாகச் செதுக்கி, கறுப்புச் சாயம் நிரப்பியிருந்தார்கள். அவசரத்தில் செய்த வேலையில்லை. நாள் பிடித்துச் செய்திருக்கிறார்கள்.

"சார், இப்படி, இப்படிப் பாருங்க" என்றார் போட்டோ எடுப்பவர்.

பஞ்சநதம் பார்த்தார். படத்தில் அவர் சிரிப்பதுபோலத்தான் விழுந்திருக்கும்.

*

மண்டபத்தின் பின்பக்கம், கவிழ்த்துவைத்த அண்டாக்களுக்கு நடுவே, தம்பியை நிறுத்தினார்.

"யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"அண்ணே, நல்ல காரியம்தானே. ஏசி ரூம், கண்ணாடித் தடுப்பு, அப்பா பேரு..."

"யாரைக் கேட்டுக் குடுத்தேன்னு கேக்கிறேன்."

"உங்களோடது, என்னோடதுன்னு பிரிச்சுப் பேச வேண்டாமேண்ணே. இன்ஜின், பெட்டி, தண்டவாளம் எல்லாம் நான் அனுப்பினது. அதை நான் ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்ல."

"இப்ப சொல்லிட்டியே."

சதீஷ் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டான்.

"நான் கீழ விழுந்தப்போ நீ போன் பண்ணி அழுதே" என்றார் பஞ்சநதம். "'அண்ணே, நான் இருக்கேன்'னே. அந்தப் பெட்டி வந்தன்னைக்கு, என் தம்பி பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு எனக்கு. எந்திரிச்சு உக்காந்ததே அதுக்கு அப்புறம்தான். கேட்டிருந்தா குடுத்திருப்பேனான்னு எனக்கே தெரியாது சதீஷு. ஆனா நீ கேட்டிருக்கணும்."

"உங்களைக் கேட்டா மாட்டேன்னுதான் சொல்வீங்க. அதனாலதான் அண்ணிகிட்ட கேட்டுட்டுச் செஞ்சேன்."

பஞ்சநதத்துக்கு முதலில் புரியவில்லை.

"எந்த அண்ணி?"

"என்னண்ணே... நம்ம அண்ணிதான். அவங்கதான் எடுத்துக்கிட்டுப் போன்னு சொன்னாங்க."

அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அது அவர் கனத்தில் லேசாக நகர்ந்து சத்தம் போட்டது.

*

பந்திக் கூடத்தில் ஒரு மூலை மேசையில் ஆனந்தவல்லி இலையை விரித்துப் புளியோதரையும் வடகமும் வைத்திருந்தாள். அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். சாப்பாட்டைத் தொடவில்லை.

"காலையில திருநீறு பூசினியே. அப்பவே தெரியுமா?"

அவள் நிமிரவில்லை. "தெரியும்."

"சட்டை தேய்க்கும்போது?"

"தெரியும்."

"லைட்டு பிடிச்சியே... நான் ராவிக்கிட்டு இருந்தேன். இன்ஜின் கவுந்துடக் கூடாதேன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அப்பவும் உனக்குத் தெரியும்."

"தெரியுங்க."

பக்கத்து மேசையில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். பரிமாறுகிறவன் வந்து போனான்.

"ஏன் ஆனந்தி?"

அவள் இலையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். பிறகு நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"ஐப்பசியில குறுவை அறுத்து, நெல்லு கொள்முதல் நிலையத்து வாசல்ல கொட்டிக் கெடந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. மழையில நனைஞ்சுது."

"நனைஞ்சுதுன்னு ஈஸியா சொல்றீங்க. வானம் இருட்டிக்கிட்டு வந்தப்போ தங்கையனை அனுப்பினேன், உங்களைக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லி. படுதாவை இழுத்துப் பிடிக்க நீங்க வேணாம். உங்களால முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? வந்து ஒரு ஓரமா நாற்காலி போட்டு உக்காந்தா போதும். அத்தனை ஆம்பளைங்க நடுவுல, எனக்குன்னு ஒரு ஆளு. நீங்க என்ன சொல்லி அனுப்பினீங்க?"

அவருக்கு நினைவு வந்தது.

"'ரெசின் ஊத்தியிருக்கேன், காயற வரைக்கும் நகர முடியாது'ன்னு சொன்னீங்க. உங்க ஆத்துல தண்ணி காயணும். இங்க என் நெல்லு முளைச்சுப் போச்சு."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். ஈரத்தோட மாடி ஏறி வந்து சொன்னேன். 'சத்தம் போடாத, பலகை அதிருது'ன்னீங்க."

பஞ்சநதம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அன்னைக்குத்தான் சதீஷ் வீடியோ கால்ல வந்துச்சு. 'அண்ணி, இதை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துடலாமா?'ன்னு கேட்டுச்சு. 'எடுத்துக்கிட்டுப் போ, இன்னைக்கே எடுத்துக்கிட்டுப் போ'ன்னு நான்தான் சொன்னேன். ஆத்திரத்துல சொன்னதுதான். ஆனா மறுநாளும் மாத்திச் சொல்லல. அந்த ரூம் காலியானா நீங்க கீழ எறங்கி வருவீங்கன்னு நெனைச்சேன்."

"அப்ப என்கிட்டயே சண்டை போட்டிருக்கணும் நீ. பலகையைத் தூக்கிப் போட்டு உடைச்சிருக்கணும். நான் தாங்கியிருப்பேன்." அவர் இலையைத் தள்ளிவைத்தார். "என் தம்பி என்னை ஏமாத்தினான், சரி. அவன் தூரத்துல இருக்கிறவன். நீ என் பக்கத்துல நின்னுக்கிட்டு, 'போயிடுச்சு பாத்தியா'ன்னு நான் பச்சப்புள்ள மாதிரி கேக்கிறேன், 'பாத்தேன்'னு சொன்னே பாரு... அதைத்தான் ஆனந்தி என்னால முழுங்க முடியல."

"உங்களுக்கு ஒரு நாள்" என்றாள் அவள் மெதுவாக. "எனக்கு அந்த மாடிப்படிக்குக் கீழ இருந்த அத்தனை நாளும்."

கிளாட்சன் கதவருகே வந்து நின்றார். எதையும் அறியாத மனிதர். "சார், வெளியில ஸ்கூல் பிள்ளைங்க ஒரு பஸ் நிறைய வந்திருக்காங்க. கீழவாசனூர் ரயில் எப்ப கிளம்பும்னு கேக்கிறாங்க."

பஞ்சநதம் கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். இலையில் வைத்தது வைத்தபடியே இருந்தது.

*

மாலை வரை அவர் ரயில் ஓட்டினார். பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். தண்டவாளம் பிரியும் பாயின்ட் எப்படி மாறுகிறது, சிக்னல் விளக்கு எப்படி எரிகிறது என்று பொறுமையாகக் காட்டினார். ஆனந்தவல்லி இரண்டு தடவை காபி கொண்டுவந்து வைத்தாள். இரண்டும் ஆறிப்போயின.

கூட்டம் கலைந்ததும் கிளாட்சன் திருப்புளியோடு வந்தார்.

"பள்ளிக்கூடத்துல இறக்கி மாட்டிக் குடுக்க நான் போறதா இருக்கேன் சார். ஒயரிங் மட்டும் கொஞ்சம் சொல்லிக் குடுத்துடுங்க. ஓட்டிக் காட்ட ஒரு ஆளு கிடைக்கிற வரைக்கும் யாராவது அங்க தங்கினா நல்லதுன்னு தாளாளர் சொல்றார். தங்க ரூம் இருக்காம்."

"நீங்க வேணாம் சார்" என்றார் பஞ்சநதம். "நான் போறேன்."

"நீங்களா? இந்த இடுப்போட..."

"இதை மாட்ட எனக்குத்தான் தெரியும்."

பலகைகளை அவரே கழற்றினார். ஒவ்வொரு திருகாணியையும் அவர் தனித்தனியாகத் துணியில் சுற்றுவதை ஆனந்தவல்லி பார்த்தாள். மனம் கொஞ்சம் இளகியது. ஆத்திரம் தணிந்துவிட்டது, வீட்டுக்குப் போனதும் பேசிக்கொள்ளலாம், எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சாப்பாட்டுக் கூடையையும் அவருடைய மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

தங்கையன் பின்கதவைப் பூட்டிவிட்டான். பஞ்சநதம் அவன் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"நான் எங்க உக்கார்றது?" என்றாள்.

"நீ பஸ்ல போயிடு."

"நீங்க?"

"இது போற இடத்துக்கு."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். "இறக்கி வச்சுட்டு வந்துடுவீங்கல்ல?"

அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். சதீஷ் ஓடிவந்தான்.

"அண்ணே, என்ன இது? எல்லாரும் பாக்கிறாங்க. இறங்குங்க. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"என்னை வச்சுக்கிட்டு எதையும் பேசற பழக்கம் நம்ம வீட்டுல இல்லையே தம்பி."

"எப்ப வருவீங்க? அதையாவது சொல்லுங்க" என்றாள் ஆனந்தவல்லி. "சம்பா சாஞ்சு நிக்குது. அறுப்பு மிஷினுக்குச் சொல்லணும்..."

முதல் தடவையாக அவர் அவள் பக்கம் திரும்பினார். கோபமாக இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். அந்த முகத்தில் கோபம் இல்லை. முன்பின் அறியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல இருந்தது.

"நீயே முடிவு பண்ணிக்க. அதெல்லாம் நீ நல்லாவே பண்றே."

மருந்துப் பையை மட்டும் ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டார். "எடு தங்கையா."

குட்டியானை தெருமுனையில் திரும்பி, டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்தது.

*

மண்டபத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள் ஆனந்தவல்லி. அவரை மாடியிலிருந்து கீழே இறக்க நினைத்தாள். அவர் ஊரைவிட்டே போய்விட்டார்.

சதீஷ் பக்கத்தில் நின்று செல்போனைப் புரட்டிக்கொண்டிருந்தான். அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் ஒன்பதாம் வகுப்பு. அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டைக் கொண்டுபோய்ப் படித்தவன். பொய் சொல்லும்போது அவன் காது மடல் சிவப்பது அவளுக்குத் தெரியும். இப்போது சிவந்திருந்தது.

"என்ன சதீஷு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. அண்ணன் அங்க போறது... இப்ப போகாம இருந்தா நல்லா இருந்திருக்கும்."

"ஏன்?"

"தாளாளர் ஏதாவது பேச்செடுத்தாலும் எடுப்பார்."

"என்ன பேச்சு?"

"கும்பகோணம் பக்கம் அவங்க இன்னொரு பள்ளிக்கூடம் ஆரம்பிக்கப் போறாங்க. இடம் தேடினாங்க. நம்ம ரோட்டோரத்து நஞ்சை அவங்களுக்குத் தோதா இருக்கு. பட்டா இன்னும் அப்பா பேர்லதானே இருக்கு? அண்ணனும் நானும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா..."

ஆனந்தவல்லி மெதுவாக எழுந்து நின்றாள்.

"அந்த நஞ்சையில சம்பா நிக்குது சதீஷு."

"அறுத்துட்டுத்தான் அண்ணி. அவசரம் ஒண்ணுமில்ல. அண்ணனால இனிமே வயல்ல இறங்க முடியாது. நீங்க ஒண்டியா எவ்வளவு நாளைக்கு மழையிலயும் வெயில்லயும்... உங்களுக்காகவும் யோசிச்சுத்தான்..."

"என்கிட்ட கேட்டியா?"

அவன் செருப்பைத் தரையில் தேய்த்தான்.

"அவங்களைக் கைக்குள்ள போட்டுக்க ரயிலைக் கேட்டே. மழையில நனைஞ்சு வந்து உக்காந்திருந்த நேரம் பாத்து, நல்லவன் மாதிரி கேட்டே. நான் வாயை விட்டேன். இதை ஏன் கேக்கல?"

"நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்குவீங்கன்னு நெனைச்சேன்... தாளாளர்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

"எப்படி?"

"அண்ணனும் அண்ணியும் சம்மதிச்சுட்டாங்கன்னு."

தெருவில் பூக்காரி ஒருத்தி கூவிக்கொண்டு போனாள். மண்டபத்துக்குள் நாற்காலிகளை அடுக்கும் சத்தம். தன் கணவன் மத்தியானம் எந்த இடத்தில் நின்றாரோ, அங்கே தான் வந்து நிற்பது ஆனந்தவல்லிக்குத் தெரிந்தது.

நஞ்சை கைவிட்டுப் போகும் என்ற பயம்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வேறு பயம். குட்டியானை போய்ச் சேர்ந்ததும் தாளாளர் வாசலுக்கே வந்து வரவேற்பார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சுற்றி வளைக்காமல், சந்தோஷமாகச் சொல்வார். 'நிலத்தைக் குடுக்க உங்க வீட்டம்மாவும் சம்மதிச்சுட்டாங்கன்னு தம்பி சொன்னார்.' அதைக் கேட்ட பிறகு, எனக்கு இது தெரியாது என்று அவள் எத்தனை முறை சொன்னால் பஞ்சநதம் நம்புவார்?

போன் போட்டால் அவர் இப்போது எடுக்க மாட்டார். கூடையைப் படியிலேயே வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி, வந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.

"நானும் வரேன் அண்ணி."

"நீ வராதே." அவள் குரலில் அவன் அதுவரை கேட்டிராத ஒன்று இருந்தது. "அந்தத் தாளாளருக்குப் போன் போட்டு, என் அண்ணி இன்னும் சம்மதிக்கலன்னு சொல்லு. இப்பவே. நான் கேக்கணும்."

சதீஷ் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எண்ணை அழுத்தவில்லை.

அவள் அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

"எங்கம்மா போகணும்?"

"புதுக்கோட்டை ரோடு. முன்னாடி ஒரு குட்டியானை போயிருக்கு, மெத்தை போர்வையெல்லாம் கட்டி. மெதுவாத்தான் போகும். அது போய்ச் சேர்றதுக்குள்ள பிடிக்கணும்."

"பிடிச்சுடலாம்மா. சாமான் எதுனா விட்டுட்டாங்களா?"

"என் வீட்டுக்காரர் அதுல போறார்" என்றாள் ஆனந்தவல்லி. "அவருக்கு ஒரு விஷயம் தெரியணும். வேற யாரும் சொல்றதுக்கு முந்தி நான் சொல்லணும்."